காரணத்தைக் காட்டு

1950 பிப்ரவரிக் கடைசியில் நாடாளுமன்றம் அவசரமாக நிறைவேற்றிய தடுப்புக் காவல் சட்டத்தில் பதினான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. விசாரணை இல்லாமலே ஓர் ஆளைச் சிறையில் வைக்கலாம் என்பதை முந்தைய பிரிவுகளே சொல்லி முடித்துவிட்டன. இந்தப் பிரிவு அதற்கும் ஒரு படி மேலே போனது. உன்னை ஏன் உள்ளே வைத்திருக்கிறோம் என்று அரசு ஒரு தாளில் எழுதித் தரும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எந்த நீதிமன்றத்திலும் வாய் திறந்து சொல்லக் கூடாது. நீதிமன்றமும் அதைச் சொல்ல விடக் கூடாது. அனுமதி இல்லாமல் வெளியிட்டால் ஓராண்டு வரை தண்டனை. ஏற்கெனவே சிறையில் இருப்பவர், தான் எதற்காகச் சிறையில் இருக்கிறேன் என்று சொன்ன குற்றத்துக்காக மறுபடியும் சிறைக்குப் போகலாம். அடிப்படை உரிமைகளைப் பட்டியல் போட்டுத் தந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது ஒரு மாதந்தான் ஆகியிருந்தது.

இதை எதிர்த்துப் போனவர் மலபாரின் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். மலபார் அன்று சென்னை மாநிலத்தோடு இருந்ததால் வழக்கின் பெயர் ‘ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’. 1947 டிசம்பரிலிருந்தே அவர் ஏதாவதொரு சட்டத்தின்கீழ் சிறையில்தான் இருந்தார். 1950 மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்படி புதிய ஆணை அவர் கையில் கொடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு அன்று சொந்தக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் சமஸ்தான மன்னர்கள் கூடிவந்த மண்டபத்தில்தான் அமர்வு. சட்டம் போட்டவர்களின் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்து, அந்தச் சட்டம் செல்லுமா என்று ஆறு நீதிபதிகள் விசாரித்தார்கள். 1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. கோபாலன் தோற்றார்.

சட்டக் கல்லூரியில் இந்த வழக்கைத் தோல்வியின் வழக்காகத்தான் சொல்லித்தருவார்கள். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும், அது நியாயமான நடைமுறைதானா என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றது பெரும்பான்மை. இந்தக் கருத்தை நீதிபதி ஃபசல் அலி மட்டும் மறுத்து எழுதினார். எல்லாம் சரி. ஆனால் அதே தீர்ப்பில் ஆறு பேரும் பிசகாமல் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு: பதினான்காம் பிரிவு செல்லாது. காவலில் வைக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தவர்கள், காரணத்தை மறைக்கும் அதிகாரத்தை மட்டும் விட்டுத்தர மறுத்தார்கள். காரணத்தைப் பார்க்காமல் ஒரு காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றம் எப்படிச் சொல்லும்? அந்தக் கேள்வியிலிருந்து யாராலும் நழுவ முடியவில்லை.

உரிமை வழக்குகளின் தீர்ப்புகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். சுதந்திரத்தைப் பற்றிய பத்திகள் எல்லாத் தீர்ப்பிலும் கம்பீரமாகவே இருக்கும், மனுவைத் தள்ளுபடி செய்யும் தீர்ப்புகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அரசின் கையிலிருக்கும் தாளை நீதிமன்றம் கேட்டு வாங்கிப் படித்ததா, எதிர்த்தரப்புக்கும் படிக்கக் கொடுத்ததா, எப்போது கேட்டது என்பதைப் பார்த்தால் போதும். முடிவு அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும்.

கோபாலன் தீர்ப்பு வந்து ஒரே வாரத்தில், மே 26 அன்று, சென்னை மாநிலம் இன்னொரு வழக்கில் தோற்றது. பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு போட்ட தடையை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி செல்லாது என்றார். அன்றே இந்து வலதுசாரிகளின் ‘ஆர்கனைசர்’ மீதான முன் தணிக்கையும் அடிபட்டது. அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களின் பட்டியலில் பொது அமைதி என்பது இல்லை என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். சரி, சேர்த்துவிடுகிறோம் என்று 1951 ஜூனில் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது நேரு அரசு. பட்டியல் நீண்டது. கூடவே, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. அதுவரை பேச்சுரிமைப் பிரிவில் அது கிடையாது. கையை நீட்டிக்கொண்ட அரசு, அந்தக் கைக்குத் தானே ஒரு விலங்கையும் மாட்டிக்கொண்டது.

நியாயமானதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கும் பதில் சென்னையிலிருந்தே போயிற்று. வி.ஜி. ராவ் ஒரு வழக்கறிஞர். மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பின் பொதுச் செயலாளர். 1950 மார்ச்சில் அந்தச் சங்கம் சட்டவிரோதமானது என்று அரசு அறிவித்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. அறிவிப்பு அரசிதழில் வரும். அதற்குப் பிறகும் சங்கத்தில் இருப்பவர் தண்டனைக்கு உரியவர். உறுப்பினருக்குத் தனியாகத் தகவல் வர வேண்டும் என்று உருப்படியான ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை. அரசிதழ் வாங்கிப் படிக்கிறவர் யார்? ஒருவர் குற்றவாளியாகிவிட்டார் என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். சங்கம் ஆபத்தானதா என்பது அரசின் மனத்துக்குப் பட்டால் போதும். அதை ஓர் அறிவுரைக் குழு பரிசீலிக்கும். அங்கே போய் நேரில் பேச யாருக்கும் உரிமை இல்லை. 1950 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைச் செல்லாது என்றது. 1952 மார்ச் 31 அன்று, அதற்குள் தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி, மேல்முறையீட்டில் அதை உறுதி செய்தார்.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது என்று சொல்லித்தான் அவர் தொடங்குகிறார். பறிபோகும் உரிமை எப்படிப்பட்டது, எதற்காகக் கட்டுப்பாடு, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரம், அதற்குக் கொடுக்கும் அடி அதன் அளவுக்கு மீறியதா, காலம் எப்படி இருக்கிறது, இத்தனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதிபதி தன் சொந்த மதிப்பீடுகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இப்படி வெளிப்படையாகச் சொல்லும் நீதிபதிகள் குறைவு. பிற்காலத்தில் ஜெர்மனியிலும் கனடாவிலும் வளர்ந்த நான்கு கட்டச் சோதனையை 2016இல் உச்ச நீதிமன்றம் முறைப்படி எடுத்துக்கொண்டபோது அறிஞர்கள் கொண்டாடினார்கள். நோக்கம் சரியா, வழி அந்த நோக்கத்துக்குப் போகிறதா, இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி இல்லையா, கிடைக்கும் நன்மைக்கும் இழப்புக்கும் ஈடு உண்டா. நல்ல கேள்விகள்தாம். இவற்றின் சாரம் 1952இலேயே நம் கையில் இருந்தது. குறை கேள்வியில் இல்லை. பதிலுக்கு ஆதாரம் எங்கே என்று அரசைக் கேட்கும் பிடிவாதம் போதாததுதான் குறை.

இந்த இடத்தில் செண்பகம் துரைராஜன் வழக்கைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. வகுப்புவாரி அரசாணையின்படி பதினான்கு இடங்களுக்கு பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர்-கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று செண்பகம் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வந்தவர் அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால், அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. இது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தாளைக் காட்டு என்று அரசிடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விண்ணப்பத்தைக் காட்டு என்று மனுதாரரிடம் கேட்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை. உரிமை கேட்டு வருபவர் எல்லாரும் எளியவர் அல்லர்; கட்டுப்பாடு போடும் அரசு எப்போதும் கொடுங்கோல் அரசும் அல்ல. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்து முதல் திருத்தத்தில் சேர்ந்த 15(4) பிரிவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்தக் கதவு யாருக்குத் தட்டாமலே திறக்கிறது என்பதை இந்த வழக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

செத்துப்போன பதினான்காம் பிரிவு 1975இல் உயிர் பெற்று வந்தது. நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் 16ஏ(9) என்ற உட்பிரிவைச் செருகினார்கள். காவலுக்கான காரணங்கள் அரசு ரகசியம். யாரிடமும் வெளியிடுவது பொதுநலனுக்கு விரோதம். கைதானவருக்கும் இல்லை, நீதிமன்றத்துக்கும் இல்லை. பல உயர் நீதிமன்றங்கள், ஆட்கொணர்வு மனுவை விசாரிக்க முடியாது என்ற அரசின் வாதத்தை ஏற்கவில்லை. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றைத் தள்ளியது. அந்த உட்பிரிவும் செல்லும் என்றது. தொடக்க காலத்தில் ஆறு நீதிபதிகள் ஒருமனதாக வெட்டிப் போட்டதை, அதே நீதிமன்றம் இருபத்தாறு ஆண்டு கழித்து ஒட்டவைத்தது. எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைப் பற்றி எழுதாதவர் இல்லை; இந்த ஒட்டுவேலையைப் பற்றி எழுதியவர் குறைவு.

நெருக்கடி முடிந்து ஜனதா அரசு வந்ததும் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் போயிற்று. ஏன் என்று கேட்டார். பொதுநலன் கருதிக் காரணம் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்று கோபாலன் வழக்கின் பெரும்பான்மையைத் தலைகீழாகப் புரட்டியது. அங்கேயும் வழக்கின் விதை காரணம் சொல்ல மறுத்த ஒரு கடிதந்தான்.

கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். உரிமைகளைத் தனித்தனிப் பெட்டியாகப் பார்க்காதீர்கள், ஒன்றோடு ஒன்று சேர்த்துப் படியுங்கள் என்பது அவர் வாதம். 1950இல் எடுபடவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னபோது, அந்த வாதத்தின் மேல்தான் கட்டினார்கள். அன்று எதிரே அரசுக்காக நின்று, அந்தரங்கம் அப்படியொரு உரிமை அல்ல என்று வாதாடித் தோற்ற அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், நம்பியாரின் மகன். அப்பா சந்திரசூட்டின் 1976 தீர்ப்பை மகன் சந்திரசூட் ரத்து செய்தார் என்று பத்திரிகைகள் அன்று எழுதித் தீர்த்தன. எனக்கு என்னவோ இந்த இன்னொரு அப்பா-மகன் கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது.

ஆனால் அதே வழக்கின் மறுபாதி அவ்வளவு இனிப்பாக இல்லை. ஆதாரை எதிர்த்து மனு போட்டது 2012இல். உரிமை உண்டு என்ற தீர்ப்பு 2017இல். ஆதார் அந்த உரிமையை மீறுகிறதா என்ற தீர்ப்பு 2018 செப்டம்பரில். இடைப்பட்ட 2016லேயே ஆதார் எண்கள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. ரேஷன் கார்டு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் எண்ணைக் கோத்த பிறகு, கோக்கலாமா என்று நீதிமன்றம் யோசித்தது. தகவல்கள் பதின்மூன்று அடி உயரம், ஐந்தடி கனம் உள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆணையத்தின் தலைமை அதிகாரி நீதிமன்ற அறையிலேயே திரைபோட்டு விளக்கம் காட்டினார். நான்கு நீதிபதிகள் பெருமளவு திருப்தியானார்கள், ஒருவர் ஆகவில்லை. நான்கு கட்டச் சோதனை ஒவ்வொரு கட்டமாக நடந்தது உண்மை. வேறு குறைவான வழி இருந்ததா என்ற கட்டத்தில், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு என்ற பிடி தளர்ந்துபோனதும் உண்மை.

கூட்டம் கூடிக் கல்லெறியும் என்பதே காரணமாக வரும் வழக்குகள் வேறு வகை. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட படம். அதன் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தணிக்கைச் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படத்தை ஓட்டினால் கலவரம் வரும் என்றது அரசுத் தரப்பு. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. ஆபத்து எங்கோ தூரத்தில் இருக்கலாம் என்ற ஊகம் போதாது; வெடிமருந்துக் கிடங்கில் பொறி விழுவதுபோல் பேச்சுக்கும் விளைவுக்கும் இடைவெளியே இருக்கக் கூடாது. மிரட்டலைக் காட்டிப் பேச்சை நிறுத்தினால் சட்டத்தின் ஆட்சி மிரட்டுகிறவன் காலில் விழுந்ததாகும். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை.

இருபத்துநான்கு ஆண்டு கழித்து ‘விஸ்வரூபம்’. 2013 ஜனவரி 25 அன்று வெளியாக வேண்டிய படம். சான்றிதழ் கையில் இருந்தது. மாவட்டம் மாவட்டமாக ஆட்சியர்கள் 144 போட்டார்கள். தனி நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு 29ஆம் தேதி இரவு தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே அந்த உத்தரவை இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தியது. அப்புறம் பேச்சுவார்த்தை, சில வெட்டுகள், பிப்ரவரி 7இல் வெளியீடு. ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தத் தகவலை வைத்து அந்த 144 போடப்பட்டது என்பதை ஒரு நீதிமன்றமும் கடைசி வரை பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. 1989 தீர்ப்பு அப்படியே உயிரோடுதான் இருந்தது. படத்துக்கு வட்டிக்குப் பணம் வாங்கியவருக்கு அந்த இரண்டு வாரத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை.

‘மாதொருபாகன்’ விஷயத்தில் ஆணையே கிடையாது என்பதுதான் சூட்சுமம். நாவல் 2010இல் வந்தது. திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில். அரசு புத்தகத்தைத் தடை செய்யவில்லை. தடை செய்திருந்தால் எதிர்த்து வழக்குப் போட ஓர் ஆணையாவது இருந்திருக்கும். மாறாக, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. அதிகாரி நடுவில், எழுத்தாளர் ஒரு பக்கம், போராட்டக்காரர்கள் மறுபக்கம். வருத்தம் தெரிவிப்பதாக எழுத்தாளர் தந்த வாசகம் போதவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி வாங்கினார்கள். தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவித்தது அதன் பிறகு. அடிப்படை உரிமை ஒன்று ஒரு ஆட்சியர் அலுவலக மேசையில், பஞ்சாயத்து ராஜிநாமா மாதிரி கையெழுத்தாகி முடிந்தது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின் கடைசி வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலின் அமர்வு அந்த ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இது யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. அதிகாரி அந்த இடத்தில் உட்கார்ந்ததே எழுத்தாளரைப் பாதுகாக்கத்தான், இரு தரப்புக்கும் நடுவில் பேரம் முடித்துவைக்க அல்ல என்ற நிலைப்பாடு அதில் இருந்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் வழக்குப் போட்டிராவிட்டால் அந்தத் தாள் ஏதோ ஒரு கோப்பில் கிடந்திருக்கும். இம்மாதிரி சமாதானக் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன: தேர் எந்தத் தெரு வழியே போகலாம், யார் எந்தக் கோயிலுக்குள் வரலாம், எந்தக் கொடிக்கம்பம் எங்கே. அரசியலமைப்பில் எழுதியிருக்கும் உரிமைகளில் பெரும்பகுதி நம் ஊரில் தாசில்தார் முன்னால்தான் தீர்மானமாகிறது. நீதிமன்றம் வரை வருபவை சிலவே.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை அணைத்தார்கள். ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பசின் வழக்குப் போட்டார். எந்த ஆணையின்படி அணைத்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்டபோது, எல்லா ஆணைகளையும் அரசு தாக்கல் செய்யவில்லை. 2020 ஜனவரி 10 தீர்ப்பு இதைக் கண்டித்தது. ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, அளவுக்கு மீறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் நல்ல சட்டம் சொன்னது. கூடவே, இந்த ஆணைகள் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை அரசின் மறுஆய்வுக் குழுவிடமே தள்ளிவிட்டது. ஆணையைக் காட்டாதது தவறு என்று சொல்லிவிட்டு, காட்டாத ஆணையை ரத்தும் செய்யவில்லை. பள்ளத்தாக்கில் 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். அந்தத் தீர்ப்பைப் பாராட்டி எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; அதில் உள்ள சட்டம் பிறகு பல இடங்களில் பயன்பட்டது. ஆனால் ஒன்றரை ஆண்டு வேகமான இணையம் இல்லாமல் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு அது வேறு யாருக்கோ வந்த தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. 2022 ஜனவரி 31 அன்று ‘மீடியா ஒன்’ என்ற மலையாளச் செய்தித் தொலைக்காட்சியின் அனுமதியை ஒன்றிய அரசு ரத்து செய்தது. பாதுகாப்புச் சான்று மறுக்கப்பட்டுவிட்டது என்பது காரணம். ஏன் மறுக்கப்பட்டது என்பது ரகசியம். கேரள உயர் நீதிமன்றத்தில் அரசு மூடி முத்திரையிட்ட உறையைக் கொடுத்தது. நீதிபதி பிரித்துப் படித்தார், திருப்தி அடைந்தார், மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் அதே. எதில் தோற்றோம் என்று தெரியாமலே சேனல் இரண்டு முறை தோற்றது. 1950 சட்டத்தில் காரணம் கைதிக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியாது. இப்போது நீதிமன்றத்துக்குத் தெரியும், பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது. எது மோசம் என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

உச்ச நீதிமன்றம் அந்த மார்ச் மாதமே இடைக்கால உத்தரவு போட்டுச் சேனலை ஓடவிட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. உறைக்குள் என்ன இருந்தது? அரசை எதிர்க்கும் போக்கு என்று குறித்துவைத்திருந்தார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம், உபா சட்டம் போன்றவற்றைப் பற்றிய விமர்சனச் செய்திகள் அதற்குச் சான்று. ஜமாத்-இ-இஸ்லாமி ஹிந்தோடு தொடர்பு என்பது இன்னொன்று; அது தடை செய்யப்பட்ட அமைப்பல்ல. அரசை விமர்சிப்பதை நாட்டுக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். தேசப் பாதுகாப்பு என்று உச்சரித்துவிட்டால் நீதிமன்றம் கதவைச் சாத்திக்கொள்ளாது என்றார். உண்மையிலேயே ரகசியமாக இருக்க வேண்டிய தகவல்கள் உண்டு. அதற்கு, நடுநிலை வழக்கறிஞர் ஒருவரை நியமித்து அவர் பார்க்கும்படி செய்யலாம் என்று வழியும் சொன்னார். உறையைப் பிரித்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். நான்கு கட்டம்கூடத் தேவைப்பட்டிருக்காது. இடைக்கால உத்தரவு இல்லையென்றால் அந்தச் சேனல் பதினாலு மாதம் இருண்டு கிடந்து, தீர்ப்பு வரும்போது சம்பளம் கொடுக்க ஆளில்லாமல் மூடியிருக்கும்.

இந்தப் பெரிய வழக்குகளையெல்லாம் தாண்டி, கோபாலனின் பதினான்காம் பிரிவுத் தீர்ப்பு அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் ஆட்கொணர்வு மனுக்கள் வரும் அமர்வு. வக்கீல்கள் வாயில் அது ‘ஹெச்.சி.பி.’ அவற்றில் கணிசமானவை குண்டர் சட்டம் சம்பந்தப்பட்டவை. 1982இன் 14ஆம் சட்டம். கள்ளச் சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், குண்டர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர் என்று ஆரம்பித்த பட்டியலில் 2004இல் திருட்டு வீடியோக்காரர்கள் சேர்ந்தார்கள், 2014இல் சைபர் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். ஓராண்டு வரை ஜாமீன் கிடையாது. ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்றால் வீட்டில் அடுப்பு அணைந்த மாதிரிதான்.

காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும். அது ஒரு கட்டாக வரும். முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலம், மகசர், ரிமாண்ட் ஆணை, வேறு யாரோ ஒருவருக்கு வேறு ஏதோ வழக்கில் கிடைத்த ஜாமீன் உத்தரவின் நகல். கடைசியாகச் சொன்னது எதற்கு என்றால், இவருக்கும் அப்படி ஜாமீன் கிடைத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது, அதனால்தான் தடுப்புக் காவல் என்று காட்டுவதற்கு. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்துப் பக்கம் பக்கமாகச் சேர்த்திருப்பார்கள். நடுவே ஒரு பக்கம் கறுத்துப் போயிருக்கும். இன்னொன்றில் ஓரம் வெட்டுப்பட்டு வரிகளின் பாதி காணாமல் போயிருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் ரிமாண்ட் ஆணைக்குத் தமிழாக்கம் இருக்காது. இருந்தாலும் தேதி மாறியிருக்கும். ஹெச்.சி.பி. பார்க்கும் வக்கீல் முதலில் செய்வது இந்தக் கட்டைத் தடவித் தடவிப் படிப்பதுதான். வாசிக்க முடியாத பக்கம் ஒன்று கிடைத்தால் முகம் மலரும். அது கிடைக்காவிட்டால் தாமதம்: குடும்பம் அனுப்பிய முறையீடு எந்தத் தேதியில் கோட்டைக்குப் போயிற்று, எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, விடுமுறை நாள் கழித்து எத்தனை நாளுக்கு விளக்கம் இல்லை. அதுவும் இல்லையென்றால் அந்த ஜாமீன் உத்தரவு உண்மையில் இவர் வழக்கை ஒத்ததுதானா.

பக்கம் தெளிவில்லை என்பதற்காகவா ரவுடியை வெளியே விடுவது என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கோபந்தான், ஆனால் தப்பான இடத்தில் விழும் கோபம். தடுப்புக் காவலில் சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, அறிவுரைக் கழகத்தின் முன் சட்ட வல்லுநரை வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை. அந்த ஆளிடம் மிஞ்சியிருப்பது, எனக்கு எதிராக என்ன சொல்கிறீர்கள் என்று படித்துப் பார்த்துப் பதில் எழுதும் உரிமை ஒன்றே. 22(5)ஆம் பிரிவின் முழுச் சரக்கும் அதுதான். கறுத்துப்போன பக்கத்தைக் கொடுத்தால் அதையும் பிடுங்கியாகிவிட்டது. இதைத் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லும் அதிகாரிகள், நல்ல ஜெராக்ஸ் மெஷின் ஒன்று வாங்கிப்போட ஏன் இத்தனை ஆண்டாகத் தயங்குகிறார்கள் என்பதற்கு எனக்கு ஒரே விடைதான் தோன்றுகிறது. உத்தரவு ‘உடையும்’ என்பது அவர்களுக்குத் தெரியும். எப்போது உடையும் என்பதும் தெரியும்.

அதுதான் விஷயம். மனு போட்டு, நோட்டீஸ் போய், பதில் மனு வந்து, பட்டியலில் ஏறி, கட்சிக்காரரின் முறை வரும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும். அதுவரை ஆள் புழலிலோ பாளையங்கோட்டையிலோ இருப்பார். ரத்து என்று நீதிமன்றம் சொல்லும் நாளில், போலீஸ் நினைத்த தண்டனையில் பாதி நிறைவேறியிருக்கும். சாதாரணச் சட்டம் போதுமென்றால் தடுப்புக் காவலைத் தொடாதீர்கள் என்று 2011இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டித்தான் அதன் பிறகு எத்தனையோ ஆணைகள் ரத்தாகியிருக்கின்றன. ஆணை போடுவது நிற்கவில்லை. ஆட்கொணர்வு மனுவில் காவல் சரிதான் என்று நிரூபிக்கும் பாரம் அரசுக்கே உரியது என்று 1980லேயே தீர்ப்பு உண்டு. அதை முதல் விசாரணை நாளிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, கட்டைக் கொண்டுவா, இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு, படிக்க முடியவில்லையா, ஆளை விடு என்று சொல்ல எந்தச் சட்டமும் நீதிமன்றத்தைத் தடுக்கவில்லை. இப்படி ஒரே ஒரு மாதம் நடந்தால், அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகங்களிலிருந்தும் ஆணையர் அலுவலகங்களிலிருந்தும் வரும் கட்டுகளின் எண்ணிக்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது நடப்பது வேறு. ஆணை ரத்து, வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்கவும் என்று இரண்டு வரி. இழப்பீடு கேட்டால் தனியாக வேறு வழக்குப் போட்டுக்கொள். ஆணையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பல நேரம் அவர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போயிருப்பார்.